மே மாத மழைக்கு ஒரு விலை

மே மாதம் மாலை நான்கு மணிக்கு மேல் வானம் கறுத்தால் பிரேசர் டவுனில் எல்லாரும் பேசுவது ஒன்றைத்தான்: எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்த மரம் சாயும், போன கரண்ட் எப்போது வரும். 2023 மே மாதத்தில் பெங்களூரில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது; 2025 மே மாதத்திலும் அப்படியே. இரண்டு முறையும் மறுநாள் செய்தித்தாள்களை நிரப்பியவை சுரங்கப்பாதைகளில் மூழ்கிய வண்டிகளின் படங்கள். அதே மேகம் பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டிக் கிழக்கே நகர்ந்து ஹொசகோட்டை, கோலார், முளபாகல் செம்மண்ணிலும் கொட்டுகிறது. அங்கே படம் பிடிக்க யாரும் போவதில்லை. போனாலும் பார்க்கக் கிடைப்பது வெறும் நிலம். ராகி விதைக்க இன்னும் நாள் இருக்கிறது என்று சும்மா கிடக்கும் அந்த நிலத்தில் விழுந்த மழையில் ஒரு பங்கு மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போகிறது. மற்றொரு பங்கு வெயிலில் ஆவியாகிறது. அந்த மழையைக் கொண்டு ஒரு பயறுப் பயிரை முழுசாக எடுத்துவிடலாம். எடுக்கும் வழியும் பல காலமாகத் தெரியும். அப்படியும் எடுக்காமல் இருப்பதற்கான காரணத்தை மண்ணிலும் வானத்திலும் தேடிப் பயனில்லை. அரசு எந்தத் தானியத்தை விலை கொடுத்து வாங்குகிறது, எதை வாங்குவதில்லை என்ற பட்டியலில்தான் அது கிடைக்கும்.

பெங்களூர்ப் பீடபூமியின் மழைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. சென்னையின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் குவிகிறது. மும்பைக்கு ஆனி, ஆடி. இங்கே மழை இரண்டு மேடாக வருகிறது. மே மாதத்தில் சராசரி 120 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். ஜூனும் ஜூலையும் அதைவிடச் சற்றுக் குறைவு. ஆகஸ்டில் மறுபடி ஏறி, செப்டம்பரில் 200ஐ ஒட்டி நின்று, அக்டோபரிலும் தாழாமல் இருந்து, நவம்பரில் இறங்குகிறது. ஆனால் அரசின் விவசாயக் காலண்டர் வேறு. கேரளத்தில் ஜூன் தொடக்கத்தில் பருவமழை இறங்கிய பிறகுதான் அதற்கு காரீப் பருவம் பிறக்கிறது. மே மாதத்தில் பெய்வதற்கு அந்தக் காலண்டரில் 'முன்பருவ மழை' என்று பெயர். அதாவது பந்திக்கு முந்தி வந்துவிட்ட விருந்தாளி. இங்குள்ள உழவர்கள் அப்படிக் கணக்கிட்டதில்லை. கன்னட உழவர் மழையை நட்சத்திரத்தால் எண்ணுவார். பரணியில் பெய்தால் தரணியெல்லாம் விளையும் என்பது அவர்களுடைய பழமொழி. பரணி மழையின் நாட்கள் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே இரண்டாம் வாரம் வரை. தமிழில் ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழியே எல்லார் நாக்கிலும் நின்றுவிட்டது. சித்திரைப்பட்டம் என்ற சொல்லும் நம்மிடம் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

ஹெப்பாளத்தைத் தாண்டி இருக்கும் ஜி.கே.வி.கே. வளாகம் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம். 1970இல் தொடங்கிய அகில இந்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சித் திட்டத்தின் மையங்களில் ஒன்று இங்கே இயங்குகிறது. அந்த மையம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பரிந்துரை சுருக்கமானது. மே மாத மழையில் காராமணி விதை. கன்னடத்தில் அலசந்தே, கொங்கு நாட்டில் தட்டைப்பயறு என்று சொல்வது இதைத்தான். சி-152 போன்ற ரகம் எண்பது நாளை ஒட்டி முடிந்துவிடும். ஜூலை கடைசியில் அறுவடை. ஜூலை தொடக்கத்திலேயே ஒரு மூலையில் ராகி நாற்று விட்டு வைத்து, காராமணி போன நிலத்தில் ஆகஸ்டில் நடவு செய். செப்டம்பர், அக்டோபர் பெருமழையை ராகி வாங்கிக்கொள்ளும். நவம்பர், டிசம்பரில் கதிர் அறுக்கலாம். பாசனம் இல்லாத நிலத்தில், ஒரே ஆண்டில், ஒரு பயறும் ஒரு தானியமும். கேட்பதற்கு அதிசயம் போல இருக்கலாம். மழையின் இரண்டு மேடுகளுக்கு இரண்டு பயிரைப் பொருத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வழக்கமாக நேரடியாக விதைக்கும் ராகி நிலத்தில் நிற்பது நூற்றுப் பத்து முதல் நூற்று முப்பது நாள். மே மாதத்திலிருந்து நவம்பர் வரை மழை கிடைக்கும் ஊரில் அது மழைக்காலத்தின் பாதியை ஒட்டித்தான் வரும்.

மே மழையை மண்ணிலேயே சேர்த்து வைத்து ராகிக்குப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கரிசல் நிலமாக இருந்தால் அந்தக் கேள்விக்கு மதிப்பும் உண்டு. கோவில்பட்டியிலோ விஜயபுரத்திலோ ஆழமான கரிசல் மண் மழைநீரை மாதக் கணக்கில் வயிற்றில் வைத்திருக்கும். மழை நின்ற பிறகு அந்த ஈரத்திலேயே சோளமும் கொண்டைக்கடலையும் விளையும். கோலார்ச் செம்மண் அந்த ஜாதி இல்லை. ஆழம் குறைவு, மட்கு குறைவு, சரளை அதிகம். பெருமழை விழுந்ததும் மேலே பொருக்குத் தட்டிவிடும். அடுத்த மழை உள்ளே இறங்க வழியில்லாமல் மேலோடு ஓடும். உள்ளே இறங்கிய கொஞ்சமும் இரண்டு வார வெயிலுக்குத் தாங்காது. கரிசல் மண் வங்கி என்றால் செம்மண் கைச்செலவுப் பை; வந்த காசை வந்த கையோடு செலவழித்தால்தான் உண்டு. மே மாத ஈரத்தை ஆகஸ்டுக்குச் சேமிப்பதாக நினைத்து நிலத்தைச் சும்மா போடுகிறவர் உண்மையில் எதையும் சேமிக்கவில்லை. காராமணி அந்த ஈரத்தை ராகியிடமிருந்து திருடிக்கொள்ளும் என்ற அச்சத்துக்கும் இதுவே பதில்: ராகிக்கு எட்டப் போகாத தண்ணீரை யார் குடித்தால் என்ன? ஜூலை வறட்சி நீண்டு, ஆகஸ்டு மழையும் பிந்துகிற ஆண்டில் நடவு தடுமாறும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஆண்டில் ஜூனில் விதைத்த ராகியும் இளம்பருவத்திலேயே வாடி நிற்கும்.

பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் என்பதைப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். அதைச் சொல்லும்போது கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. பிடித்த நைட்ரஜனில் பெரும்பங்கு பயறு மணிக்குள் போய், மூட்டையில் ஏறி, சந்தைக்குப் போய்விடும். உதிர்ந்த இலை, வேர், மடக்கி உழுத தழை ஆகியவற்றில் நிற்பதே ராகிக்கு மிஞ்சும். காயைப் பறித்துவிட்டு செடியையும் வேரோடு பிடுங்கி மாட்டுக்குப் போட்டால் நிலத்துக்குக் கிடைப்பது சொற்பம். ஆகவே, காராமணி போட்டால் யூரியாவே வேண்டாம் என்று மேடையில் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். நம்ப வேண்டியது வேறொன்று. ஜி.கே.வி.கே.யில் 1978 முதல் ஒரு நீண்டகாலச் சோதனை நடந்து வருகிறது. ஒரு பகுதியில் ஆண்டுதோறும் ராகி. இன்னொரு பகுதியில் நிலக்கடலை ஓராண்டு, ராகி மறு ஆண்டு. அதிலிருந்து கிடைத்த பாடங்களில் தெளிவானது இது: தொழுவுரமும் ரசாயன உரமும் சேர்த்துப் போட்ட இடத்தில் விளைச்சல் உயர்ந்தும் நிலைத்தும் நின்றது, ரசாயன உரம் மட்டும் போட்ட இடத்தில் காலப்போக்கில் சரிந்தது. இந்தச் செம்மண்ணுக்குப் பசி மட்கின் பசி. ஆனால் எல்லா ஏக்கருக்கும் போதுமான தொழுவுரத்துக்கு மாடுகள் எங்கே? வேரும் இலையுமாக நிலத்திலேயே விளைந்து நிலத்திலேயே விழும் ஒரு பயிர் அந்தக் குறையில் ஒரு பங்கையாவது ஈடுகட்டும். பெருமழை செம்மண்ணை நேரடியாக அறையாமல் இலை குடை பிடிப்பது தனி லாபம். அதுவும் விதைத்து ஒரு மாதத்துக்குப் பிறகுதான். முதல் இரண்டு மழைக்குக் காராமணியால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இந்த இடத்தில் அக்கடியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ராகி வயலில் சில சால்களுக்கு ஒரு சால் வீதம் மொச்சை, துவரை, காராமணி, கடுகு, பேய் எள் என்று கலந்து விதைப்பது மைசூர் நாட்டின் பழைய வழக்கம். ஒசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழ் உழவர்களுக்கும் அது பழகியதே. டிசம்பர், ஜனவரியில் பிரேசர் டவுன் தள்ளுவண்டிகளிலும் ரஸ்ஸல் மார்க்கெட்டிலும் குவியும் மொச்சைக்காய் அந்த மரபின் எச்சம். பெங்களூர்க் கன்னடர் 'அவரே' என்று ஊரெல்லாம் கொண்டாடுவதும், தமிழர் வீட்டில் ஊறவைத்துத் தோல் பிதுக்கிப் பிதுக்குப்பருப்புக் குழம்பு வைப்பதும் இதே காயைக் கொண்டுதான். அப்படியானால் அக்கடியை மீட்டாலே போதுமே, எதற்குத் தனியாக ஒரு முன்பட்டப் பயறு என்று மரபு வேளாண் நண்பர்கள் கேட்கிறார்கள். அக்கடியை மீட்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டும் குடிக்கும் மழை வேறு வேறு. அக்கடியின் துவரையும் மொச்சையும் ராகியோடு விதைக்கப்பட்டு, ராகி போன பிறகும் நிலத்தில் நின்று, மழையின் வால் ஈரத்திலும் மார்கழிப் பனியிலும் காய்ப்பவை. அது மழையின் பின்கோடியைப் பயன்படுத்தும் தந்திரம். மே மழை முன்கோடி. அதற்கு அக்கடியில் இடமில்லை. போதாக்குறைக்கு ராகி அறுக்க இப்போது இயந்திரம் வயலுக்குள் வருகிறது. நடுவில் நிற்கும் துவரைச் சால் அதற்கு இடைஞ்சல். கூலி ஆள் கிடைக்காத ஊரில் இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? முன்பட்டக் காராமணி தனிப்பயிராக வந்து தனியாகவே போய்விடுவதால் அந்தச் சிக்கல் இல்லை.

மே மழையை நம்பி விதைக்கலாமா என்பது எல்லாரும் முதலில் எழுப்பும் ஐயம். 2023இலும் 2025இலும் கொட்டிய மே மழையை மேலே சொன்னோம். இடையில் 2024 ஏப்ரலில் பெங்களூரில் ஒரு துளிகூடப் பதிவாகவில்லை. இப்படி ஆடும் வானத்தின் கீழ் விதையை மண்ணில் போடுவது சூதாட்டம்தானே? ஆட்டத்துக்கு வைக்கும் பணம் எவ்வளவு என்பதைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம். ஏக்கருக்குப் பத்து கிலோவை ஒட்டிய விதை. எப்படியும் போடவிருக்கும் கோடை உழவு. பயறு என்பதால் உரச் செலவு குறைவு. நல்ல மழை இரண்டு விழுந்து, ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கினால் விதை. மே மூன்றாம் வாரம் வரை இறங்காவிட்டால் விட்டுவிடு, ராகி எப்போதும்போல் வரட்டும். இது நிபந்தனை வைத்த விதைப்பு. காலண்டரைப் பார்த்து விதைக்கச் சொன்னால்தான் அது சூதாட்டம். முளைத்த பிறகு மழை கைவிட்டால் அறுத்துப் பசுந்தீவனமாக்கலாம். கோலார் பகுதியில் பால் சங்கத்துக்குப் பால் ஊற்றாத வீடு குறைவு, கோடையில் பச்சைத் தீவனத்துக்கு அங்கே எப்போதும் தட்டுப்பாடு. அதற்கும் தேறாது என்றால் மடக்கி உழுது தழையுரமாக்கலாம். தோற்றாலும் கையில் ஏதோ மிஞ்சும் பயிர்கள் அதிகம் இல்லை. ராகி தோற்றால் வைக்கோல் மட்டும். தக்காளி தோற்றால் கடன்.

இரண்டாவது ஆட்சேபத்துக்கு இன்னும் வலு உண்டு. காராமணிக்குப் பின் ராகியை நடவு செய்ய வேண்டும். நேரடி விதைப்புக்கு ஒரு விதைப்புக் கலப்பையும் ஒரு நாளும் போதும். நடவுக்கு ஆள் வேண்டும், நாற்றங்காலுக்குத் தண்ணீர் வேண்டும். ஆகஸ்டில் மழை எந்த நாளில் விழும் என்று தெரியாதபோது நாற்றின் வயதையும் மழையின் நாளையும் பொருத்துவது எளிதல்ல. நாற்று முற்றினால் தூர் குறையும். ஆராய்ச்சி நிலையத்தில் நாற்பது சதுர மீட்டர் துண்டில் செய்வதை மூன்று ஏக்கரில் செய்யச் சொல்வது அநியாயம் என்று உழவர் சொன்னால் அது உண்மையே. பரிந்துரை எழுதியவர்கள் இந்த இடத்தைப் போதிய அளவு பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. ஆனால் இதிலிருந்து வரும் முடிவு 'காராமணியே வேண்டாம்' என்பதாக இருக்கத் தேவையில்லை. நிலம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று யார் சொன்னது? மூன்று ஏக்கரில் முக்கால் ஏக்கருக்கு ஓராண்டு. அடுத்த ஆண்டு அடுத்த துண்டு. நான்கு ஆண்டில் நிலம் முழுவதும் ஒரு முறை பயறைப் பார்த்துவிடும். முக்கால் ஏக்கர் நடவுக்கு வீட்டு ஆட்களும் மொய்யாளாக, அதாவது வேலைக்கு வேலை மாற்றாக, வரும் அக்கம்பக்கமும் போதும். நாற்று விட முடியாதவர், ஆகஸ்டில் நேரடியாக விதைக்க ஏற்ற குறுகிய கால ராகி ரகங்களைத் தேடலாம். ராகியில் அதற்குப் பஞ்சமில்லை. இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து இன்டாஃப் ரகங்களை உருவாக்கிய சி.எச். லக்ஷ்மணய்யாவின் நாளிலிருந்து கர்நாடகம் வெவ்வேறு விதைப்புக் காலத்துக்கு வெவ்வேறு ரகம் வைத்திருக்கிறது. எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூரில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமும் ராகி, கொள்ளு, தட்டைப்பயறு மூன்றிலும் தன் பெயரிலேயே ரகம் வெளியிட்டிருக்கிறது. விதை கையில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது தடையை வேளாண் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை: மே மாதத்தில் வயல் பொதுச்சொத்து. அறுவடை முடிந்த மானாவாரி நிலத்தில் ஊர் மாடும் ஆடும் மேய்வது எழுதாத சட்டம். எல்லாரும் சும்மா போட்டிருக்கும்போது ஒருவர் மட்டும் காராமணி விதைத்தால் ஊரில் இருக்கும் ஒரே பச்சை அதுதான். ஆடு எங்கே போகும்? போதாததற்கு மயிலும் முயலும். தனியாளாக முன்பட்டம் போட்டு நஷ்டப்பட்டவர் அடுத்த ஆண்டு போடமாட்டார். அவரைப் பார்த்தவரும் போடமாட்டார். இதற்கு வேலி தீர்வாகாது, வேலிச் செலவில் பயிரே கரைந்துவிடும். ஒரு கிராமத்தின் ஒரு பக்கத்து நிலம் முழுவதும் ஒரே வாரத்தில் விதைக்கப்பட்டால் மேய்ச்சல் மறுபக்கம் நகரும். அப்படி ஊர் கூடி முடிவெடுக்க ஒரு பொதுக் காரணம் வேண்டும். அந்தக் காரணம் விலையாகத்தான் இருக்க முடியும்.

ராகிக்கு அப்படி ஒரு காரணம் இருக்கிறது. குவிண்டாலுக்கு 2013-14இல் 1,500 ரூபாயாக இருந்த ராகியின் குறைந்தபட்ச ஆதார விலை 2025-26இல் 4,886 ரூபாய். கர்நாடக அரசு மையம் திறந்து வாங்குகிறது. தெற்கு மாவட்டங்களில் ரேஷன் கடையில் கொடுக்கிறது. நாட்டின் ராகியில் பாதிக்கு மேல் விளைவிக்கும் மாநிலத்துக்கு இது அழகு. குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மத்திய அரசு ஆதார விலை அறிவிக்கும் 22 பயிர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பருப்பு வகையில் கடலை, துவரை, உளுந்து, பாசிப்பயறு, மைசூர்ப் பருப்பு. காராமணி இல்லை. மொச்சை இல்லை. கொள்ளும் இல்லை. அதாவது, ராகி வயலுக்கு எந்தெந்தப் பயறு காலங்காலமாகப் பொருந்தி வந்ததோ அவற்றில் துவரையைத் தவிர எதற்கும் விலைக் காப்பு கிடையாது. ஒரு பயிருக்கு நிச்சயமான விலையும், அதன் கூட்டாளிக்கு இடைத்தரகர் சொன்ன விலையும் என்று வைத்துவிட்டு, உழவர் ஏன் பயிர்ச்சுழற்சி செய்வதில்லை என்று கேட்பது நமக்கே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தபோது, அதை முன்மொழிந்த நாடு நாம். ராகி பிஸ்கட், ராகி பீட்சா வரை போனோம்; ராகியோடு வயலில் நின்றவற்றைப் பற்றி ஒரு பேச்சில்லை.

விலை இருந்தால் உழவர் செய்வாரா என்ற சந்தேகத்துக்கு இதே மாநிலத்தின் வடக்கு பதில் சொல்கிறது. கதக், தார்வாட் கரிசல் நிலங்களில் முதல் மழைக்குப் பாசிப்பயறு விதைத்து, ஆகஸ்டில் எடுத்துவிட்டு, பின்பருவத்தில் சோளமோ கொண்டைக்கடலையோ போடுவது இன்று பரவலான நடைமுறை. யாரும் அங்கே பிரசாரம் செய்து கட்டாயப்படுத்தவில்லை. பாசிப்பயறுக்கு நாடு முழுவதும் சந்தை இருக்கிறது. ஆதார விலை இருக்கிறது, 2025-26இல் குவிண்டாலுக்கு 8,768 ரூபாய். விலை சரிந்த ஆண்டுகளில் அரசு இறங்கி வாங்கியும் இருக்கிறது. மண் வேறு என்பது சரி, கரிசல் மண் இரண்டு பயிரைத் தாங்கும் வலுவுள்ளது என்பதும் சரி. அப்படியென்றால் செம்மண்ணில் விளைச்சல் கொஞ்சம் குறையும். ஆனால் தானியத்துக்கு முன் ஒரு குறுகிய காலப் பயறு என்ற அதே யோசனை வடக்கே வயலுக்கும் தெற்கே ஏட்டுக்கும் போனதற்கு மண்ணை மட்டும் காரணம் காட்ட முடியாது.

கனடாவின் கதை இன்னும் உறுத்தும். சஸ்காச்சுவான் மாகாணத்துக் கோதுமை விவசாயிகள் ஒரு காலத்தில் ஓராண்டு கோதுமை, மறு ஆண்டு வெறும் தரிசு என்று நிலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தரிசில் மண் காற்றோடு போனது. 1970களில் அங்குள்ள பல்கலைக்கழகம் பயறுப் பயிர்களைக் கையிலெடுத்தது. ஆல் ஸ்லிங்கார்ட் உருவாக்கிய 'லேர்ட்' என்ற மைசூர்ப் பருப்பு ரகம் 1978இல் வெளியானது. தரிசு இருந்த இடத்தில் பருப்பும் பட்டாணியும் வந்தன. வாங்க ஆள் இருந்ததால் நிலைத்தன. வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் நாம். 2024-25இல் இந்தியாவின் பருப்பு இறக்குமதி 70 லட்சம் டன்னைத் தாண்டியது. கனடாவின் பட்டாணி, ஆஸ்திரேலியாவின் கடலை, மியான்மரின் உளுந்து, ஆப்பிரிக்காவின் துவரை. அங்கே தரிசை ஒழிக்க நம் காசு உதவியிருக்கிறது, ஹொசகோட்டையின் மே மாதத் தரிசு அப்படியே கிடக்கிறது. 2025 அக்டோபரில் மத்திய அரசு 11,440 கோடி ரூபாயில் பருப்புத் தன்னிறைவு இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறது; 2030-31க்குள் 350 லட்சம் டன் உற்பத்தி இலக்கு, நான்கு ஆண்டுகளுக்குக் கொள்முதல் உறுதி. நல்ல முயற்சி. ஆனால் கவனம் துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு மூன்றின் மீதே. செம்மண் மானாவாரிக்காரர் மறுபடியும் வாசலில் நிற்கிறார்.

இருக்கிற பட்டியலையே அரசால் ஒழுங்காக வாங்க முடியவில்லை, இன்னும் மூன்று பயிரைச் சேர்த்தால் யார் சுமப்பது என்று பொருளாதாரம் படித்தவர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. கிடங்கில் காராமணி வண்டு துளைத்துப் பொடியாகும் வேகத்தைப் பார்த்தவர் எவரும் லட்சக்கணக்கான டன் வாங்கி அடுக்கச் சொல்லமாட்டார். ஆகவே கேட்பது நாடு தழுவிய ஆதார விலையை அல்ல. பெங்களூர் ஊரகம், கோலார், சிக்கபள்ளாப்பூர், பெங்களூர் தெற்கு (முன்பு ராமநகரம்), துமகூரு ஆகிய மாவட்டங்களில் விளையும் காராமணியை அங்கன்வாடிக்கும் அரசு விடுதிகளுக்கும் பள்ளி மதிய உணவுக்கும் மாநில அரசு நேரடியாக வாங்கட்டும். ஆகஸ்டில் வாங்கியது ஐந்தாறு மாதத்துக்குள் குழந்தைகளின் தட்டில் தீர்ந்துவிடும். தமிழ்நாட்டுச் சத்துணவில் பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் இடம்பெற்றது போல கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் தட்டைப்பயறு இடம்பெறுவதில் என்ன தடை? ராகியில் புரதம் ஏழு சதவீதத்தை ஒட்டி, காராமணியில் இருபதுக்கு மேல். ராகியில் குறையும் லைசின் பயறில் உண்டு. களியையும் பயறுக் குழம்பையும் ஒரே தட்டில் வைத்த பாட்டிகளுக்கு அமினோ அமிலம் தெரியாது, ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஜூலை மழையில் காய் நனைந்து முளைவிடும் ஆபத்துக்கும் வழி உண்டு: ஒரு பகுதியைப் பச்சைக்காயாகவே பறித்து நகரத்துக்கு அனுப்பலாம். ஒன்றரைக் கோடியை நெருங்கும் மக்கள் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறார்கள்.

பெங்களூரைச் சுற்றி இனி விவசாயமே ஏது, எல்லாம் லேஅவுட் ஆகிவிட்டதே என்று சலித்துக்கொள்பவர்களுக்கும் ஒரு சொல். விற்ற நிலம் போனது போனதுதான். விற்காத நிலத்திலும் ஆள் வைத்து ராகி போட முடியாதவர்கள் ஒரு காலத்தில் நீலகிரி மரம் நட்டுவிட்டு நகரத்துக்கு வந்தார்கள். நிலத்தடி நீரை அது உறிஞ்சுகிறது என்று 2017இல் கர்நாடக அரசு புதிதாக நடுவதற்குத் தடை போட்டது. தடை போட்டால் மட்டும் நிலம் உழவுக்குத் திரும்பிவிடாது. மானாவாரி ஏக்கர் ஒன்று ஆண்டுக்கு ஒரு ராகி மட்டும் தந்தால் அதை உழுவதைவிட விற்பது லாபம். இரண்டு பயிர் தந்தால் கணக்கு கொஞ்சமாவது மாறும். அந்த ஏக்கர்கள் மே மழையைக் குடித்தால் ஓடைகளில் இறங்கும் சேறும் ஏரிகளில் சேரும் வண்டலும் குறையும் என்பதைச் சுரங்கப்பாதைப் படங்களைப் பார்த்துப் பதறும் நகரவாசிகளும் நினைத்துப் பார்க்கலாம்.

எந்த விலையானாலும் விதைக்கும் முன் தெரிந்தால்தான் உதவும். காராமணி வாங்குவதாக இருந்தால் அதை மாநில அரசு சித்திரைத் தொடக்கத்துக்குள் அறிவிக்க வேண்டும், பரணி மழைக்கு முன். இப்போதைய வழக்கம் எப்படி என்று பார்க்க இரண்டு தேதிகள் போதும். காரீப் பயிர்களுக்கான மத்திய அரசின் ஆதார விலை 2025இல் அறிவிக்கப்பட்டது மே 28ஆம் தேதி. 2024இல் ஜூன் 19.